புதன்கிழமைச் சாப்பாடு

ஓய்வு பெற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு நாளில் எந்த நேரம் நகராமல் கிடக்கிறது என்று. காலை ஓடிவிடும். நடை, குளியல், விளக்கு, செய்தித்தாள், மாத்திரை, கீரைக்காரம்மா என்று பதினோரு மணி வரைக்கும் கைக்கு வேலை இருக்கும். சாயங்காலமும் பரவாயில்லை. கோயில் இருக்கிறது, தெருவில் பேச ஆள் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் வீடியோவில் வருவார்கள். நடுவில் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரைக்கும்தான் கனக்கும். வெயிலுக்குக் கதவைச் சாத்தியிருப்போம். தெருவே அடங்கியிருக்கும். வேலை பார்த்த காலத்தில் சாப்பாட்டு வேளை என்றால் அலுவலகத்தில் டப்பாவைத் திறந்து நாலு பேர் கையை விட்டுக் கலந்து சாப்பிட்ட நேரம். இப்போது அடுப்படியில் சின்ன குக்கர், அரை டம்ளர் அரிசி.

அந்த வேளையில் பெரியவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. காலையில் மிஞ்சிய இரண்டு இட்லி. இல்லாவிட்டால் தயிர்சாதமும் ஊறுகாயும். கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே பதில்தான்: "நமக்கு மட்டும்தானே, எதுக்குப் பொரியல், எதுக்குக் கூட்டு?" வயது ஏற ஏற நாக்கும் மூக்கும் மங்கும். பசியும் தாகமும் முன்போல் குரல் கொடுக்காது. அந்த நேரத்தில் தட்டிலும் ஒன்றும் இல்லாமல், எதிரிலும் ஆள் இல்லாமல் போனால் உடம்பு தேயத்தான் செய்யும். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைவிட நாலு பேரோடு உட்காரும்போது பெரியவர்கள் கூடுதலாகவும் நிதானமாகவும் சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். கல்யாணப் பந்தியில் எங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்த எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

அதனால் நான் இந்தப் பதிவில் சொல்ல வந்தது ஒன்றுதான். அறுபதைத் தாண்டியவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது மதியச் சாப்பாட்டுக்கு வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும். விருந்து வேண்டாம், பெரிய ஹோட்டல் வேண்டாம், கார் வேண்டாம். பக்கத்துத் தெரு மெஸ் போதும். ஆனால் உடுத்திக்கொண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, இன்னொருவரோடு சேர்ந்து போக வேண்டும்.

எங்கள் கூட்டம்

புதன்கிழமைதோறும் மதியம் சேர்ந்து சாப்பிடப் போகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். நான் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். அடுத்த வீட்டு அக்கா, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளியூர். நாலாவதும் ஐந்தாவதும் ஒரு ஜோடி. ரயில்வேயில் இருந்த அண்ணாவும் அவர் மனைவியும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த அம்மாவை நாங்கள் எல்லோருமே வதினா (தெலுங்கில் அண்ணி) என்றுதான் கூப்பிடுவோம்.

புதன்கிழமையைப் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் திருத்தணி, மலைமேல் முருகன் கோயில் இருக்கிற ஊர். இங்கே சாப்பாட்டுக் கடைக்கு நாள் பார்த்துத்தான் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு உரிய நாள். கிருத்திகை என்றால் கேட்கவே வேண்டாம். சனி, ஞாயிறு சென்னைக் கார்கள் வந்து இறங்கும். முகூர்த்த நாளில் மலைமேல் கல்யாணம் மேல் கல்யாணமாக நடக்கும், உறவுக்கூட்டம் கீழே இறங்கி ஓட்டலை நிரப்பும். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகள் ஊரையே மூடிவிடும். டிசம்பர் 31 இரவு படித்திருவிழா. மலைக்கு ஏறும் 365 படிகளுக்கும் பூஜை செய்து, படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுவார்கள். ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்கார துரைகளைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களை முருகன் பக்கம் திருப்ப வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்த வழக்கம் அது. இந்த நாட்களெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு உரியவை. அவர்கள் சாப்பிடட்டும். புதன்கிழமை எங்களுக்கு.

நேரமும் முக்கியம். பன்னிரண்டே காலுக்குப் போய் உட்கார்ந்துவிடுவோம். அப்போதுதான் முதல் பானைச் சோறு இறங்கியிருக்கும். ரசத்தில் கொத்துமல்லி அடங்காமல் மிதக்கும். சப்ளையருக்கும் நம்மோடு ரெண்டு வார்த்தை பேச நேரம் இருக்கும். ஒரு மணிக்கு மேல் ஆபீஸ்காரர்கள், லாரிக்காரர்கள், திருப்பதி போகிற வேன்கள் என்று கூட்டம் ஏறும், பின்னால் ஆள் நின்றுகொண்டு நம் இலையைப் பார்க்கும். பெரியவர்களுக்கு அது ஆகாது. இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போவதும் எங்களுக்குச் சரிப்படாது. கண் கூசும், படி தெரியாது, சாப்பிட்டவுடன் படுத்தால் நெஞ்சு எரியும். மதியம் என்றால் வெளிச்சம் இருக்கிறது, ஜீரணிக்கப் பொழுதும் இருக்கிறது, மூன்று மணிக்கு வீடு வந்து ஒரு தூக்கமும் போடலாம்.

இலைக்கு முன்னால்

எங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிற பாதையில் இருக்கிறது திருத்தணி. சென்னைப் புறநகர் மின்சார ரயில் அரக்கோணத்தைத் தாண்டி எங்கள் ஊர் வரைக்கும் வரும். இங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் போனால் நகரி, அது ஆந்திரம். கடைப் பலகையில் இரண்டு எழுத்தும் இருக்கும், பேச்சிலும் இரண்டும் கலந்திருக்கும். இலையில் மட்டும் அது எப்படி இல்லாமல் போகும்?

இலை போட்டுத் தண்ணீர் தெளித்தவுடன் ஓரத்தில் ஊறுகாய், பொரியல், கூட்டு, அப்பளம். சோறு விழுந்ததும் பருப்புப்பொடி வரும், மேலே நெய். அதைப் பிசைந்து ரெண்டு வாய் போடுவதற்குள் சப்ளையர் வந்து நிற்பார்: "பப்பா, சாம்பாரா மா?" ஒரு பக்கம் துவரம்பருப்பைக் கீரையோடோ தக்காளியோடோ குழைய வேகவைத்துக் கடைந்த பப்பு. இன்னொரு பக்கம் முருங்கைக்காய் போட்ட நம்ம சாம்பார். என் வீட்டுக்காரருக்கு சாம்பார்தான். எனக்குப் பப்பு. அக்கா முதலில் இதை வாங்கிக்கொண்டு அப்புறம் அதையும் கேட்பார். சில நாள் கோங்குரா இருக்கும். புளிச்சக்கீரையை நல்லெண்ணெயில் வதக்கிக் காய்ந்த மிளகாயோடு அரைத்தது. சூடான சோற்றில் அதைக் கொஞ்சம் எடுத்துப் பிசைந்தால், சாப்பாடே பிடிக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிற வாய்கூடத் திறந்துவிடும். அப்புறம் வத்தக்குழம்பு, ரசம், கடைசியில் மோர். அண்ணாவுக்கு மோர் ஆகாது, கட்டித் தயிர் வேண்டும். "கொஞ்செம் பெருகு வேயண்டி" என்பார். அக்கா பக்கத்திலிருந்து "எனக்கு மோரே ஊத்துப்பா" என்பார். சப்ளையர் ஒருவருக்குத் தெலுங்கிலும் ஒருவருக்குத் தமிழிலும் பதில் சொல்லிவிட்டுப் போவார். ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார்.

இந்த ஊருக்காக ஒரு காலத்தில் எவ்வளவு போராட்டம்! 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்கு முன்பே இந்தப் பகுதி கிராமங்களில் ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் மங்கலங்கிழார். ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். எல்லையைப் பற்றி நடுவராக இருந்த படாஸ்கர் சொன்ன முடிவின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டக் கிராமங்கள் சில ஆந்திரத்துக்குப் போயின. அக்கா அப்போது பள்ளிச் சிறுமி. வீட்டில் பெரியவர்கள் ராத்திரியில் கவலையோடு பேசிக்கொண்டது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அண்ணாவின் வீட்டிலும் பேசியிருக்கிறார்கள், வேறு கவலையோடு. இதையெல்லாம் அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் இலைக்கு இன்னொருவர் அப்பளத்தைத் தள்ளிக்கொண்டே பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். எல்லைக் கல்லை யார் எங்கே நட்டாலும், பெண் கொடுத்து எடுத்த உறவு நகரியிலும் புத்தூரிலும் இருக்கத்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட பேச்செல்லாம் வீட்டு வாசலில் நின்று வருவதில்லை. சாப்பிட்டு முடித்து, கை காய்ந்து, எழுந்திருக்க மனசில்லாமல் இருக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வரும்.

பரிமாறிய கை

பெண்களுக்கு இந்தச் சாப்பாடு ஆண்களுக்கு இருப்பதைவிடப் பெரிய விஷயம். எங்கள் தலைமுறைப் பெண்களில் எத்தனை பேர் சூடாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்? மாமனார், கணவர், பிள்ளைகள், வந்தவர் போனவர் எல்லோருக்கும் போட்டு, கடைசியில் பாத்திரத்தை வழித்து, நின்றுகொண்டே சாப்பிட்ட காலம் அது. வேலைக்குப் போனவர்களுக்கும் விடிவு இல்லை. விடியற்காலை கட்டிய டப்பாவைப் பகலில் ஆறிப்போன பிறகு திறந்தோம். ஹோட்டலுக்குப் போவதென்றால் அது ஆம்பிளைகள் காரியம். பெண்கள் போனால் பயணத்தில் போனதாக இருக்கும், இல்லையென்றால் ஆஸ்பத்திரி வாசலில்.

எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் திருவாலங்காடு இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை அங்கேதான். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து ஆடலைக் கண்டு நிலைத்த இடம். அவர் கதை ஒரு மதியச் சாப்பாட்டில்தான் தொடங்குகிறது, நினைத்துப் பாருங்கள். கணவன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். பசியோடு வந்த அடியாருக்குச் சோறு போட்டு, கறி ஆகாததால் ஒரு மாம்பழத்தையும் வைக்கிறார் புனிதவதி. அம்மையாருக்கு அப்போது அதுதான் பெயர். நடுப்பகலில் கணவன் வந்து குளித்து உட்கார்ந்து, மிச்சப் பழத்தைச் சாப்பிட்டு, ருசியாக இருக்கிறதே என்று இன்னொன்றும் கேட்கிறான். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தச் சந்நிதியில் நின்று வதினா ஒரு தடவை கேட்டார், "அன்னைக்கு அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா?" நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அடியார் சாப்பிட்டார், கணவன் சாப்பிட்டான். அவளைப் பற்றி யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எத்தனையோ தடவை கேட்ட கதை, எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

அதனால்தான், மெஸ்ஸில் ஒரு பையன் சோற்றுத் தட்டோடு வந்து குனிந்து, "அம்மா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்கும்போது அக்காவின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆயுள் முழுக்க மற்றவர்களைக் கேட்ட கேள்வியை அவரை ஒருத்தர் கேட்கிறார். அவர் இலையை மறைத்துக் கை நீட்டி "போதும்ப்பா" என்று சொல்வார், உடனே "சரி, ஒரு கை போடு" என்பார். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் வந்தால் அவர் பில்லை நாங்கள் கட்டுவோம். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்தது இந்தத் திருத்தணியில்தான். அந்த நாளில் எங்கள் ஊர் ஆசிரியை தன் காசில் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

மலைமேல் பந்தி

"நீங்கள் ஐந்து பேர் இருக்கிறீர்கள், தனியாக இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்கலாம். காசும் இல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் மலைமேல் அன்னதானம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் அரசு அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியது 2002-இல். முன்பெல்லாம் மதியம் ஒரு வேளை, குறிப்பிட்ட பேருக்கு என்று இருந்தது. நாள் முழுக்கச் சாப்பாடு போடும் திட்டம் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் நடந்துகொண்டிருந்தது. 2021 செப்டம்பரில் அதைத் திருச்செந்தூர், சமயபுரத்தோடு எங்கள் திருத்தணிக்கும் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து "மணி ஆயிடுச்சு, டோக்கன் தீர்ந்துச்சு" என்ற பதற்றம் குறைந்தது.

நாங்களும் மாதத்தில் ஒரு புதன்கிழமை அங்கே போவோம். படியேறிப் போகிற முழங்கால் எங்களில் யாருக்கும் இல்லை. வண்டிப் பாதையில்தான் போவோம். சுவாமியைப் பார்த்துவிட்டு, கிழக்கே பார்த்து நிற்கும் யானை வாகனத்தைச் சுற்றிவந்து பந்திக்கு நிற்போம். வதினா பாட்டுக் கற்றவர். முத்துசுவாமி தீட்சிதர் முதன்முதலாகக் கீர்த்தனை பாடியது இந்த மலையில்தான் என்று வரிசையில் நிற்கும்போது சொல்வார். ஒரு பெரியவர் வந்து "வாயைத் திற" என்று கல்கண்டைப் போட்டு மறைந்தாராம், உடனே "ஸ்ரீநாதாதி குருகுஹோ" பிறந்ததாம். நாக்கில் இனிப்புப் பட்டதும் பாட்டு வந்த மலை என்று சங்கீதக்காரர்கள் போற்றும் இடத்தில் நின்றுகொண்டு, சாப்பாட்டை அற்ப விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பந்தியில் ஒரு பக்கம் மொட்டையடித்த குழந்தை, இன்னொரு பக்கம் பள்ளிப்பட்டுத் தறிக்காரர், எதிரில் எங்கிருந்தோ தனியாக வந்த ஒரு பாட்டி. யாரும் யாரையும் "எந்த ஊரு, யாரு வீடு" என்று விசாரிப்பதற்கு முன்பே சோறு வந்துவிடும். தனியாகச் சாப்பிட வெட்கப்படுகிற பெரியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பந்தியில் உட்கார்ந்தவரைத் தனியாள் என்று யாரும் சொல்ல முடியாது.

பெரியவர்களுக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது, சேர்ந்து உட்காரவும் வைக்க வேண்டும் என்று அமெரிக்காவிலும் யோசித்திருக்கிறார்கள். 1965-இல் முதியோருக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். 1972-இல் அதில் உணவுத் திட்டத்தைச் சேர்த்தார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஊர்ச் சமூகக்கூடத்துக்கு வந்து சேர்ந்து சாப்பிடலாம், பெரும்பாலும் மதியத்தில். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் உண்டு, ஆனால் அது வெளியே வர முடியாதவர்களுக்கு. நம் ஊரில் கோயில் மடப்பள்ளியும் சத்திரமும் தலைமுறை தலைமுறையாகச் செய்த காரியம்தான் இது. 2021 கணக்கில் தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 13.6 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்தபடியாக நாம்தான். இவ்வளவு பெரியவர்கள் இருக்கிற மாநிலத்தில், கோயில் இல்லாத ஊரிலும் ஒரு பந்தி வேண்டும். பஞ்சாயத்துக் கட்டடங்கள் பகலில் பூட்டித்தானே கிடக்கின்றன?

கொஞ்சம் தள்ளி

எப்போதும் மெஸ்ஸுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் வெயில் தாழ்ந்திருக்கும்போது பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போவோம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டியது. சத்தியமூர்த்தி பெயரை வைத்திருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து போகிறது. அன்றைக்குக் கட்டுச்சோறுதான். முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் தயாராகிவிடும். காலையில் சோற்றை உதிர்த்துக் கலந்து, வாட்டிய வாழையிலையில் பொட்டலம் கட்டினால் மதியத்துக்குள் புளி சோற்றில் இறங்கியிருக்கும். கூடவே தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வதினாவின் ஆவக்காய். தண்ணீரைப் பார்த்தபடி ஜமக்காளத்தில் உட்காருவோம். கீழே உட்கார முடியாத அண்ணாவுக்கு மட்டும் மடக்கு நாற்காலி.

ஊரை விட்டுப் போக முடியாத வாரத்தில் நந்தி ஆற்றங்கரையில் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போய்விட்டுச் சாப்பிடப் போவோம். மலைக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு கோயில் இருப்பதே தெரியாது. பல்லவர் குலத்தின் கடைசி நாட்களில், அபராஜிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கட்டியது. யானையின் முதுகுபோல் பின்பக்கம் வளைந்த விமானம். படி அதிகம் இல்லை, கூட்டம் இல்லை, நிழல் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்தால் பசி தானாக வரும்.

சோளிங்கர் நரசிம்மரை இனிமேல் பார்க்க முடியாது என்று நாங்கள் கைவிட்டிருந்தோம். 1,305 படி. 2024-இல் ரோப் கார் வந்தது. மேலே போய்த் தரிசனம் செய்து, கீழே இறங்கிச் சாப்பிட்டு, பொழுதோடு வீடு வந்துவிட்டோம். டவுன் பஸ்ஸில் 2021-இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதும் எங்களுக்குப் பெரிய உதவி. வீட்டில் காசு கேட்காமல் கிளம்பலாம் என்றால் எத்தனை பெண்களுக்கு வாசல் திறந்திருக்கிறது!

உடம்புக்கும் கடைக்கும் சில வார்த்தை

வயிறு நிறையச் சாப்பிட்டதும் பெரியவர்களில் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அதனால் கை கழுவ ஓடாதீர்கள். பத்து நிமிஷம் உட்காருங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சாப்பாடு வர நேரமாகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பொரியலையும் கூட்டையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டால் சோறு தானாகக் குறையும். உப்பு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கோங்குரா மூன்றையும் ஒரே வேளையில் ஒரு கை பார்த்துவிட்டு அந்தக் கணக்குக்குள் நிற்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் கோங்குராவைத் தேர்ந்தெடுப்பேன்.

கடை வைத்திருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். முதுகு சாய்கிற நாற்காலி நாலு போடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் எங்களால் எழ முடிவதில்லை. வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடிக் குழாய் பதியுங்கள். கழிப்பறையில் உட்காரும் வகை ஒன்றாவது வேண்டும். அது இல்லை என்பதற்காகவே வெளியே சாப்பிட வராத பெரியவர்கள் இருக்கிறார்கள், வந்தாலும் தண்ணீர் குடிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். முழுச் சாப்பாட்டில் பாதியை வீணாக்க எங்களுக்கு மனசு வராது. பாதி விலையில் அரைச் சாப்பாடு கொடுத்தால் இலை சுத்தமாகத் திரும்பும். பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் கடை பாதி காலியாகத்தானே இருக்கிறது? அந்த நாற்காலிகளை எங்களுக்குக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு

பெங்களூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கடல் தாண்டியும் இருக்கிற பிள்ளைகளே, உங்கள் அக்கறையில் குறை சொல்ல மாட்டேன். "அம்மா, சமைக்க முடியலைன்னா சொல்லு, ஆப்ல போட்டுவிடறேன்" என்கிறீர்கள். சாப்பாடு வரும். பிளாஸ்டிக் டப்பாவில் வரும், பையன் மணியடித்துக் கொடுத்துவிட்டு ஓடுவான், கதவு மறுபடியும் சாத்திக்கொள்ளும். உங்கள் அம்மா பழையபடி சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். அந்தக் காசை அவர் கையில் கொடுத்து, அடுத்த வீட்டு மாமியோடு வெளியே போய்ச் சாப்பிடச் சொல்லுங்கள். எங்கள் ஊர் மெஸ்ஸில் ஒரு சாப்பாடு நூறு ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். அதற்கு ஒரு இலையும், வெயிலில் நாலு அடி நடையும், புடவை மாற்றிக்கொள்ளக் காரணமும், ஊர்க்கதையும், மறுநாள் வரைக்கும் பேச விஷயமும் கிடைக்கின்றன. ஊருக்கு வரும்போது ஒரு நாள் நீங்களும் கூட்டிப் போங்கள். அவருக்குப் பிடித்த கடைக்குப் போங்கள், உங்களுக்குப் பிடித்த கடைக்கு அல்ல. போனை உறைக்குள் வைத்துவிட்டு, மோர் சாதம் முடியும்வரை உட்காருங்கள்.

வயதானவர்கள் நாலு பேர் சேர்ந்து ஹோட்டலில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன விசேஷம்?" அறுபதாம் கல்யாணமா, பேத்தி பிறந்தாளா, பென்ஷன் ஏறியதா? ஒன்றுமில்லை என்றால் நம்ப மாட்டார்கள். எங்களையும் ரொம்ப நாள் கேட்டார்கள். இப்போது கல்லாவில் இருப்பவரே எங்களுக்காக ஜன்னலோரம் இடம் வைத்திருக்கிறார், ஒரு புதன்கிழமை வராவிட்டால் அடுத்த வாரம் "உடம்பு சரியில்லையாம்மா?" என்று விசாரிக்கிறார். நமக்காக எங்கோ ஒரு பெஞ்சில் இடம் காலியாக இருக்கிறது, வராவிட்டால் ஒருவருக்குத் தெரியும் என்பது இந்த வயதில் சாதாரணப் பாதுகாப்பு இல்லை.

படிக்கிற பெரியவர்களே, உங்கள் ஊருக்குத் தோதாக ஒரு கிழமையைப் பிடியுங்கள். தெருவில் தனியாகச் சாப்பிடுகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும். காலையில் அவருக்குப் போன் போட்டு, "இன்னைக்கு உலை வைக்காதீங்க" என்று சொல்லுங்கள். பன்னிரண்டு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள். என்ன விசேஷம் என்று யாராவது கேட்டால், பசிக்கிறது என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை.